சபோ இறுக்கமா, தளர்வா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். ஒஹாயோவில லேத் பட்டறையில வேலை செய்த காலத்தைப் பற்றிப் போன இதழில எழுதேக்க, வார விடுமுறையில குழலின்ர வாய்ப்பக்கத்தால வெடிமருந்து போட்டுக் கிட்டிக்கிற (கம்பியால இடிச்சு இறக்கிற) ரைபிள் சுடப் பழகினனான் எண்டு ஒரு வரி எழுதினன், அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கொண்டு இவ்வளவு பேர் கேட்டிருக்கிறியள். எனக்குப் பெரிய சந்தோஷம், ஏனெண்டா இதைப் பற்றித் தமிழில ஆற அமரக் கதைக்க ஆள் கிடைக்கிறதே இல்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதையே எடுக்கிறன்.

கேள்வி (ஒரு வாசகி, வெள்ளவத்தை): என்ர சித்தப்பா கனடாவில, ஒன்ராறியோவில இருக்கிறார். வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போறவர். வாய்ப்பக்கத்தால போடுற 50 கலிபர் ரைபிள், 50 கிறேன் (மருந்தையும் சன்னத்தையும் நிறுக்கிற சின்ன அளவு) மருந்துக் குளிசை ரெண்டு, 250 கிறேன் சன்னம், அதுக்குப் பிளாஸ்டிக் சபோ. 100 யார் தூரத்தில முதல் வெடி நல்ல இடத்தில விழுதாம், ரெண்டாவது சன்னத்தை உள்ள இறக்க கிட்டிக்கிற கம்பியைக் கையால அடிக்க வேண்டிக் கிடக்காம், மூண்டாவது அஞ்சாறு இஞ்ச் தள்ளி விழுதாம். ஸ்கோப்பை மாத்திப் பாத்திட்டார், சரிவரேல்லை. இப்ப ரைபிளை வித்திட்டுப் புதுசு வாங்கப் போறன் எண்டு நிக்கிறார். நீங்கள் என்ன சொல்லுறியள் ஐயா?

பதில்: ரைபிளை விக்க வேண்டாம் எண்டு இண்டைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கோ தங்கச்சி. நீங்கள் எழுதினதை வச்சுப் பாத்தா ரைபிளும் பிழையில்லை ஸ்கோப்பும் பிழையில்லை, சன்னமும் சபோவும் அந்தக் குழலுக்குள்ள எப்பிடிப் பொருந்தி நிக்குது எண்டதிலதான் கோளாறு இருக்கு. முதல் வெடி சரியா விழுறதே அதுக்குச் சாட்சி.

முதலில சபோ எண்டா என்னெண்டு மற்ற வாசகருக்காகச் சொல்லிப்போட்டு வாறன். எழுதேக்க கடைசியில ஒரு 'ட்' வரும், வாயில சொல்லேக்க வராது. பிரெஞ்சில மரச்செருப்புக்குச் சொல்லுற பேர். இங்க அது ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம், அடி தடிப்பா இருக்கும், மேல பூவிதழ் மாதிரி பிளந்திருக்கும், சன்னம் அதுக்குள்ள இருக்கும். 50 கலிபர் குழலின்ர உள்விட்டம் 0.500 இஞ்ச், அதுக்குள்ள 0.452 இஞ்ச் பிஸ்டல் சன்னத்தைப் போட்டா ரெண்டு பக்கமும் 0.024 இஞ்ச் இடைவெளி வரும், அந்த இடைவெளியை நிரப்பிறதுதான் சபோவின்ர சுவர். வெடிச்சு வாயால வெளிய வந்த உடனே காத்து இதழை விரிச்சுப் போடும், சபோ முன்னால நிலத்தில விழும், சன்னம் தனியப் போகும்.

இப்ப அந்தச் சுவருக்கு ரெண்டு வேலை. ஒண்டு, பின்னால எரியுற மருந்தின்ர வாயுவை ஒரு சொட்டும் பக்கத்தால முன்னுக்குப் போகவிடாம அடைக்கிறது. மற்றது, குழலுக்குள்ள வெட்டியிருக்கிற முறுக்குத் தவாளிப்பைப் பிடிச்சுச் சுழண்டு, அந்தச் சுழற்சியைச் சன்னத்துக்குக் குடுக்கிறது. வயலில வரம்பும் வாய்க்காலும் மாதிரித்தான் குழலின்ர உள்பக்கம், மேடு ஒண்டு பள்ளம் ஒண்டு, பிளாஸ்டிக் பள்ளத்துக்குள்ள அமுங்கிப் பிடிக்கவேணும். இதில கனபேர் மறக்கிற விஷயம் என்னெண்டா பொருத்தம் எண்டது ஒண்டில்லை, ரெண்டு. சபோ குழலைப் பிடிக்கவேணும், சன்னத்தைச் சபோவும் பிடிக்கவேணும். சபோ நல்லாச் சுழண்டாலும் சன்னம் உள்ளுக்குள்ள வழுக்கினா ஒரு பிரயோசனமும் இல்லை.

தளர்வா இருந்தா என்ன நடக்கும் எண்டா, வாயு பக்கத்தால பீச்சும், அமுக்கம் ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு மாதிரி ஏறும், வேகம் கூடிக் குறையும், இலக்கில சன்னம் மேலயும் கீழயுமா விழும். சில மருந்துகள் தொடக்கத்தில நல்ல அமுக்கம் இல்லாட்டி ஒழுங்கா எரியவே எரியாது, பிளாக்ஹோர்ன் 209 எண்ட மருந்து அப்பிடித்தான், அதுக்கு இறுக்கமான பொருத்தம் கட்டாயம் வேணும். ஆனா எனக்கு இதிலயெல்லாம் பெரிய பயம் என்னெண்டா, துவக்கின்ர வாயைக் கீழ பாக்கத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள நடக்கேக்க தளர்வான சன்னம் மெதுமெதுவா முன்னுக்கு வழுக்கி வந்திடும், மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவில வெறும் இடம் வந்திடும், அந்த நிலையில வெடி வச்சா குழல் வீங்கும், வெடிச்சும் போகும். சித்தப்பாவிட்டச் சொல்லுங்கோ, சன்னம் மருந்தில முட்டி நிக்கேக்க கம்பி வாய்ப்பக்கம் எவ்வளவு வெளிய நிக்குதோ அந்த இடத்தில கம்பியில ஒரு அடையாளம் போடச் சொல்லி, சுடுறதுக்கு முதல் ஒவ்வொருக்காலும் கம்பியை விட்டு அடையாளம் சரியா எண்டு பாக்கச் சொல்லி. இதைமட்டும் விடக்கூடாது.

இறுக்கம் கூடினா வேற மாதிரி. கம்பியால குத்திக் குத்தி இறக்கேக்க சன்னத்தின்ர மூக்கு நசியும், சபோவின்ர இதழ் கிழியும், உங்கட சித்தப்பாவின்ர மாதிரிக் குளிசை போடுறவைக்கு இன்னொரு கேடும் இருக்கு, கம்பியை அடிச்சுக் குத்தேக்க குளிசை நொருங்கும், நொருங்கின குளிசை முழுக்குளிசை மாதிரி எரியாது, அந்த வெடி எங்க போகுமெண்டு ஆராலயும் சொல்லேலாது.

அவருக்கு நடக்கிறது இதுதான் எண்டு நான் நினைக்கிறன். முதல் வெடிக்குக் குழல் சுத்தம், சபோ அளவா இறங்குது. வெடிச்ச உடன உள்ளுக்குக் கரி படியுது, கரி படிஞ்சா குழல் சிறுத்த மாதிரி, அதே சபோ இப்ப இறுக்கம். அதோட குழலும் சுடுது, சூட்டுக்குப் பிளாஸ்டிக் இளகும். மூண்டாவது வெடிக்கு வரேக்க கரியும் கூட சூடும் கூட, இளகின சபோவை இறுக்கமான குழலுக்குள்ள அடிச்சு இறக்கினா அது முதல் வெடிக்குப் போன அதே சாமானே இல்லை. டிரிபிள் செவன் மருந்து எண்டா இன்னொண்டும் சேரும், மருந்து இருக்கிற இடத்துக்குச் சரி முன்னால கரி கல்லு மாதிரி ஒரு வளையமாப் படியும், சபோ அதில முட்டி நிக்கும், ஆக்கள் அடியில முட்டிட்டுது எண்டு நினைச்சு விட்டிடுவினம். அந்த இடைவெளியும் ஆபத்துத்தான்.

அதால ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் துடைக்கவேணும். துணித்துண்டை லேசா ஈரமாக்கி, துப்பலே காணும், ஒரு பக்கத்தால ஒருக்கா விட்டு எடுத்து, மறுபக்கம் திருப்பி இன்னொருக்கா, பிறகு காஞ்ச துணி ஒண்டு. ஈரம் சொட்டச் சொட்ட விட்டா தண்ணி பின்பக்கத் துளைக்குள்ள போய் அடுத்த வெடி பத்தாது. பிறகு குழல் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறவேணும். கோடையில சைட் (குறி பாக்கிற கருவி) சரி பண்ணிறவை இதைப் பொறுமையாச் செய்யிறேல்லை, ஓகஸ்ட் வெயிலில பத்து நிமிஷத்துக்குள்ள ஆறு வெடி வச்சுப்போட்டு ரைபிளைக் குறை சொல்லுவினம், நவம்பர் குளிருக்குப் போனா அதே பிளாஸ்டிக் விறைச்சு இறங்கவே மாட்டன் எண்டும். வேட்டை எந்தக் குளிரிலயோ அந்தக் குளிரில ஒருக்காச் சுட்டுப் பாக்கவேணும். அதோட, வேட்டையில முதல் வெடிதான் கணக்கு, அதால எண்ணெய் பூசின சுத்தக்குழலோட போறாரோ ஒரு வெடி வச்ச கரிக்குழலோட போறாரோ, எதோட போறாரோ அதோடயே சைட்டையும் சரி பண்ணவேணும்.

துடைச்சு ஆறவிட்டும் இறுக்கமா இருந்தா, அப்ப சபோவை மாத்தவேணும். இங்கதான் நான் எல்லாரோடயும் சண்டை பிடிக்கிற இடம். பெட்டியில 50 கலிபர் எண்டு எழுதியிருந்தா எல்லா 50 கலிபர் குழலுக்கும் பொருந்தும் எண்டு நம்பிறது பிழை. குழல் ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு. 0.500 எண்டு எழுதினது 0.499 ஆவும் இருக்கும், 0.502 ஆவும் இருக்கும், 0.504 வரைக்கும் போறதும் இருக்கு. லேத்தில நிண்டவனுக்குத் தெரியும் ஆயிரத்தில மூண்டு இஞ்ச் எண்டது எவ்வளவு பெரிய வித்தியாசம் எண்டு. சபோவும் ஒரே அளவில வாறேல்லை, சுவர் தடிப்பு மெலிவு எண்டு நிறத்துக்கு நிறம் வேற வேற, வெளிப்பக்கம் வரிவரியா வச்சு லேசா இறங்கிறதுக்கெண்டே செய்ததும் இருக்கு. சன்னமும் அப்பிடித்தான், 45 எண்டு சொல்லுறதில 0.451 உம் இருக்கு 0.452 உம் இருக்கு, அந்த ஆயிரத்தில ஒரு இஞ்ச்சை மாத்தினாலே கம்பியைத் தள்ளேக்க கைக்கு வித்தியாசம் தெரியும்.

என்ர சொந்த அனுபவம் ஒண்டு சொல்லுறன். நான் அங்க முதல் வாங்கின ரைபிளுக்குச் சன்னப் பெட்டியோட வந்த சபோவைத்தான் போட்டனான், ரெண்டு விரலால தள்ளவே போகும், எனக்கோ புளுகம், எவ்வளவு லேசு எண்டு. 100 யாரில ஏழு இஞ்ச் அகலத்துக்குப் பரவி விழும். ரெண்டு மாசம் மருந்தைக் கூட்டியும் குறைச்சும் பாத்து மருந்துக் காசுதான் போச்சு. பிறகு பட்டறையில ஒரு நாள் குழலை அளந்தா 0.502. சுவர் கொஞ்சம் தடிச்ச சபோ வாங்கிப் போட்டன், அதே மருந்து, அதே சன்னம், மூண்டு வெடியும் ரெண்டு இஞ்ச்சுக்குள்ள. அண்டைக்குப் பட்ட சந்தோஷம் இப்பவும் நெஞ்சுக்குள்ள இருக்கு.

அளக்கிறது கஷ்டமில்லை. முதலில துவக்கு வெறுமையா எண்டு பாக்கவேணும், பின்மூடியைக் கழட்டவேணும். குழலை விடக் கொஞ்சம் பெரிசான மென்மையான ஈயக்குண்டை எண்ணெய் தடவி வாய்ப்பக்கத்தால மெதுவாத் தட்டி உள்ள விட்டு, கம்பியால தள்ளி மற்றப்பக்கத்தால எடுத்தா குழலின்ர அச்சு அப்பிடியே ஈயத்தில பதிஞ்சிருக்கும். அதை மைக்ரோமீட்டரில அளக்கலாம். தவாளிப்பு எண்ணிக்கை ஒற்றைப்படையா வந்தா நேர் எதிர் எதிரா அளக்கேலாது, அப்ப ஒரு பட்டறைக்காரரிட்டக் குடுத்து எடுக்கிறது நல்லம். தள்ளேக்கயும் கவனம் வேணும், நடுவில ஒரு இடத்தில சடாரெண்டு லேசாப் போனா அந்த இடத்தில குழல் அகண்டிருக்கு எண்டு அர்த்தம்.

கையால தள்ளுற பலமும் ஒவ்வொருக்காலும் ஒண்டா இருக்கவேணும். அதுக்கு அங்க ஒரு பழக்கம் இருக்கு, மருந்து போடாம, மருந்தைப் பத்தவைக்கிற கேப்பும் போடாம, துவக்கின்ர பின்கட்டையை வீட்டில நிறை பாக்கிற தராசுக்கு மேல வச்சுக்கொண்டு சபோவைத் தள்ளிப் பாக்கிறது. முள்ளு எங்க நிக்குதெண்டு பாத்துப் பாத்துத் தள்ளினா நாலஞ்சு தரத்தில கை பழகிடும்.

கடைசியா, சுட்டு முடிய இலக்கைப் பாக்க ஓடுறதுக்கு முதல் நிலத்தைப் பாக்கச் சொல்லுங்கோ. இருவது முப்பது யாருக்குள்ள சபோ விழுந்து கிடக்கும். அதைப் பொறுக்கி எடுத்துப் பாத்தா டொக்டர் எக்ஸ்றே பாக்கிற மாதிரி எல்லாம் தெரியும். இதழ் எல்லாம் ஒரே அளவில விரிஞ்சு, வெளிப்பக்கம் தவாளிப்புப் பதிஞ்சு, அடி முழுசா இருந்தா பொருத்தம் சரி. இதழில கரிக்கோடு நீளமா ஓடியிருந்தா வாயு பக்கத்தால போயிருக்கு. அடி உருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தா சூடும் அமுக்கமும் அந்தப் பிளாஸ்டிக்குக்குக் கூட, மருந்தைக் குறைக்கவேணும் இல்லாட்டி மருந்துக்கும் சபோவுக்கும் நடுவில ஒரு கம்பளி வில்லை வைக்கவேணும். ஒரு இதழ் மட்டும் கிழிஞ்சோ இல்லாமலோ இருந்தா சன்னம் வாயை விட்டுப் போகேக்கயே ஒரு பக்கம் இழுபட்டிருக்கு. ஒவ்வொரு சபோவிலயும் எத்தினையாவது வெடியெண்டு பேனையால எழுதி வைக்கச் சொல்லுங்கோ, மூண்டாவது வெடியின்ர சபோவையும் முதலாவதையும் பக்கத்தில வச்சுப் பாத்தா அவருக்கே விளங்கும்.

கேள்வி (பாடசாலை மாணவன், கொட்டாஞ்சேனை): டாங்கிக் குண்டிலயும் சபோ இருக்கு எண்டு யூடியூப்பில பாத்தன். ரெண்டும் ஒண்டா?

பதில்: தத்துவம் ஒண்டுதான் தம்பி. பெரிய குழலுக்குள்ள சின்னச் சன்னம், இடையில ஒரு சட்டை, வாயை விட்டு வெளிய வந்த உடன சட்டை கழண்டு விழும். டாங்கியில அது நீளமான ஈட்டி மாதிரி ஒண்டு, பிளாஸ்டிக் கிண்ணம் இல்லை, மூண்டு துண்டு சேந்த அலுமினியம் மாதிரிப் பாரம் குறைஞ்ச சட்டை, பிறகு வால்பக்கம் இறக்கை இருக்கிறதால அனேகமான டாங்கிக் குழலுக்கு முறுக்கே தேவையில்லை. எங்கட ரைபிளில சபோ வந்தது வேற காரணத்துக்கு, பிஸ்டலுக்கெண்டு நல்லாச் செய்த சன்னத்தை 50 கலிபர் குழலில சுடலாம் எண்டதுக்குத்தான். 1985 இல டோனி நைட் எண்டவர் எம்கே-85 எண்ட ரைபிளைக் கொண்டுவந்தார், கேப் நேர பின்னால இருக்கிற மாதிரி, பாக்க இண்டைய ரைபிள் மாதிரியே இருக்கும், அதுக்குப் பிறகுதான் சபோவும் அமெரிக்கா முழுக்கப் பரவினது.

கேள்வி (பொறியியல் மாணவன், மொறட்டுவ): முறுக்கு வீதம் 28 இஞ்ச்சுக்கு ஒரு சுத்து, 48 க்கு ஒண்டு, 66 க்கு ஒண்டு எண்டெல்லாம் இருக்கு. சபோவுக்கு ஏன் 28?

பதில்: நல்ல கேள்வி, எனக்குப் பிடிச்ச கேள்வியும். 1879 இல ஆல்பிரட் கிறீன்ஹில் எண்ட கணித பேராசிரியர் ஒரு லேசான சூத்திரம் தந்தார். சன்னத்தின்ர விட்டத்தை வர்க்கமாக்கி 150 ஆல பெருக்கி நீளத்தால பிரிச்சா, எத்தினை இஞ்ச்சுக்கு ஒரு சுத்து வேணுமெண்டு வரும், எல்லாம் இஞ்ச்சில. உருண்டைக் குண்டுக்குப் போட்டுப் பாருங்கோ, விட்டமும் நீளமும் ஒண்டுதானே, 0.490 எண்டா 73 சொச்சம் வரும். பழைய உருண்டைக்குண்டு ரைபிள் 66, 72 எண்டு மெதுவா முறுக்கியிருக்கிறதுக்குக் காரணம் அதுதான். இப்ப 0.452 விட்டம், 0.9 இஞ்ச் நீளம் எண்டு போடுங்கோ, 34 வரும். நீளம் கூடக் கூட இன்னும் வேகமான முறுக்கு வேணும், அதால 28 எண்டு வச்சா நீளமான சன்னத்துக்கும் காணும். 48 எண்டது ரெண்டுக்கும் நடுவில, ரெண்டையும் ஒரு மாதிரிச் சுடும்.

ஆனா தம்பி, சூத்திரம் போட்டுக் கணக்குப் பாத்திட்டு ஒரு விஷயத்தை விட்டிடாதேங்கோ. குழலின்ர முறுக்கு 28 எண்டு கடதாசியில இருக்கலாம், சபோ தவாளிப்பை விட்டு வழுக்கினா சன்னத்துக்குக் கிடைக்கிற சுழற்சி 28 இல்லை. 100 கிறேன் மருந்துக்கு 250 கிறேன் சன்னம் வினாடிக்கு 1,700, 1,800 அடி வேகத்தில வெளிய போகும், அந்த வேகத்துக்கு நிண்ட நிலையில இருந்து குழலுக்குள்ளயே வரவேணும் எண்டா பிளாஸ்டிக் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கவேணும் எண்டு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கோ. 0.40 இஞ்ச் சன்னம் போட்டா சுவர் ரெண்டு பக்கமும் 0.050 இஞ்ச், அதாவது 45 சன்னத்துக்கு இருக்கிறதை விட ரெண்டு மடங்கு பிளாஸ்டிக். மெல்லிய சன்னம் காத்தை நல்லா வெட்டும், தூரம் போகும், எண்டாலும் அவ்வளவு தடிச்ச பிளாஸ்டிக்கை நம்பவேண்டி வருது. என்ர மனசுக்கு 45 சன்னம்தான் நல்லம், மற்றவைக்கு வேற அபிப்பிராயம் இருக்கும்.

கேள்வி (ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை, பம்பலப்பிட்டி): 1857 சிப்பாய் கலகம் கொழுப்புத் தடவின தோட்டாவால வந்தது எண்டு முப்பது வருஷம் படிப்பிச்சனான். தோட்டாவுக்கு ஏன் கொழுப்புத் தடவினவை எண்டு ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, எனக்கும் தெரியாது. நீங்கள் சொல்லுற இந்தப் பொருத்தத்தோட ஏதும் சம்பந்தமோ?

பதில்: முழுக்க முழுக்கச் சம்பந்தம் ரீச்சர். அந்த என்பீல்ட் 1853 ரைபிளின்ர குழல் 0.577 இஞ்ச். முதல் வந்த சன்னம் 0.568. இடைவெளியை நிரப்பினது என்ன தெரியுமோ, கடதாசி. தோட்டா எண்டது கடதாசிச் சுருள், ஒரு பக்கம் மருந்து, மற்றப்பக்கம் சன்னம். சிப்பாய் பல்லால கடிச்சுத் திறந்து மருந்தைக் குழலுக்குள்ள கொட்டிப்போட்டு, சுருளைத் திருப்பி, சன்னத்தைக் கடதாசியோடயே வாய்க்குள்ள வச்சுக் கிட்டிக்கவேணும், மிச்சக் கடதாசியைப் பிச்சு எறியிறது. சன்னத்தைச் சுத்தி இருக்கிற அந்தக் கடதாசியிலதான் கொழுப்பும் தேன்மெழுகும். கொழுப்பு இல்லாட்டி கடதாசி கரியில உரஞ்சி இறங்காது. இண்டைக்குப் பிளாஸ்டிக் சபோ செய்யிற வேலையைத்தான் அண்டைக்கு அந்தக் கொழுப்புக் கடதாசி செய்தது. அது மாட்டுக் கொழுப்போ பண்டிக் கொழுப்போ எண்ட சந்தேகம் ரெண்டு சமயத்தவரையும் சுட்டுது, வாயால கடிக்கவேணும் எண்டா பிறகு சொல்லவும் வேணுமோ, 1857 மே 10 மீரட்டில வெடிச்சுது. அந்தச் சிப்பாய்மாரின்ர கோவத்துக்குப் பின்னால எத்தினையோ காரணம் இருந்தது, உங்களுக்குத் தெரியாததில்லை.

சன்னத்தின்ர அடியில ஒரு குழி வச்சுக் குடுத்தது பிரான்சில மினியே எண்ட படை அதிகாரி, 1840களின்ர கடைசியில. வெடிக்கேக்க வாயு குழிக்குள்ள புகுந்து அடியை விரிச்சுத் தவாளிப்பில பிடிக்க வைக்கும். அதால சன்னத்தைக் குழலை விடச் சின்னனாவே செய்யலாம், கிட்டிக்கேக்க லேசு, வெடிக்கேக்க இறுக்கம். எண்டாலும் 0.568 கூடக் கரிபிடிச்ச குழலில இறங்கேல்லை எண்டுதான் பிறகு 0.550 க்குக் குறைச்சு, குழிக்குள்ள விரியிறதுக்கு மர ஆப்பு ஒண்டும் வச்சவை. உங்கட வகுப்புப் பிள்ளையளுக்கு இதைச் சொல்லியிருந்தா எத்தினை பேர் கண்ணை விரிச்சுக் கேட்டிருப்பினம்.

கேள்வி (ஒரு வாசகர், தெஹிவளை): கொழும்பு மியூசியத்தில நெதர்லாந்து திருப்பித் தந்த லெவ்கே பீரங்கியைப் பாத்தன். அதுக்கும் குண்டு இறுக்கமா இருந்திருக்குமோ?

பதில்: 1765 இல கண்டியில இருந்து ஒல்லாந்தர் கொண்டுபோய் 2023 இல திரும்பி வந்தது அது. வெண்கலம், தங்கம், வெள்ளி, மாணிக்கம் எல்லாம் பதிச்சது, யுத்தத்துக்கில்லை, மரியாதைக்கு. பொதுவாப் பழைய பீரங்கிக்குக் குண்டு குழலை விடச் சின்னனாத்தான் இருக்கும், கரி படிஞ்சாலும் இறங்கவேணுமே. ஆனா அந்த இடைவெளியால மருந்தின்ர பலம் வீணாப் போகும். 1770களில ஸ்கொட்லாந்தில கறோன் எண்ட இரும்பாலை குழலையும் குண்டையும் கிட்டக்கிட்ட அளவெடுத்து ஒரு கட்டைப் பீரங்கி செய்தது, குறைஞ்ச மருந்தோட பாரமான குண்டை எறிஞ்சுது. அந்த மியூசியத்துக்குப் பிள்ளையளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ.

கேள்வி (ஒரு வாசகர், வன்னியில இருந்து வந்து இப்ப மட்டக்குளி): எங்கட அப்பு இடியன் துவக்கு வச்சிருந்தவர், தேங்காய்த் தும்பு போட்டு இடிப்பார். முப்பது யாருக்கு அங்கால ஒண்டும் படாது. நீங்கள் சொல்லுற மாதிரி சபோ போட்டிருந்தா பட்டிருக்குமோ? ஊரில பழைய வீட்டில அந்தத் துவக்கு இன்னும் கிடக்கு, எடுத்துத் துடைச்சுச் சரி பண்ணலாமோ?

பதில்: முதல் கேள்விக்கு முதல் பதில். பட்டிருக்காது. இடியனின்ர குழலுக்குள்ள தவாளிப்பே இல்லை, வழுவழுப்பான குழாய். சபோ பிடிச்சுச் சுழல ஒண்டுமில்லை. உங்கட அப்பு போட்ட தும்பும் சும்மா இல்லை, அது வாயுவை அடைக்கிற வேலையைத்தான் செய்தது, மருந்துக்கு மேல ஒரு தும்பு, ஈயச் சில்லுக்கு மேல ஒரு தும்பு. அந்தக் காலத்து ஆக்கள் அளவுகோல் இல்லாமலே கைப்பழக்கத்தால இந்தப் பொருத்தத்தை விளங்கி வச்சிருந்தவை. தும்பை எவ்வளவு இடிக்கிறது எண்டு கேட்டா, கம்பி துள்ளுற மட்டும் எண்டு சொல்லுவினம் எண்டு என்ர தாத்தாவும் சொன்னவர்.

அமெரிக்காவில பழைய உருண்டைக்குண்டு ரைபிள்காரர் தும்புக்குப் பதிலா பருத்தித் துணி போடுவினம். 0.490 குண்டுக்கு 0.015 தடிப்புத் துணி சுத்தினா மொத்தம் 0.520, குழலோ 0.500. எப்பிடி இறங்கும் எண்டு கேப்பியள். துணி அமுங்கித் தவாளிப்புக்குள்ள போகும், அதுதான் குண்டைச் சுழட்டுது. சுட்டுப்போட்டு அந்தத் துணியையும் பொறுக்கி எடுத்துப் பாப்பினம், ஓரம் தும்புதும்பா இருந்தா சரி, நடுவில ஓட்டையோ கருகலோ எண்டா துணி மெல்லிசு அல்லது எண்ணெய் காணாது. இண்டியானாவில பிரெண்ட்ஷிப் எண்ட சின்ன ஊரில 1933 இல தொடங்கின சங்கத்தின்ர போட்டிகள் நடக்கும், நான் ஒருக்காப் போனனான், எண்பது வயசு தாண்டின ஒரு மனுசன் சுட்டுப்போட்டு முதல் வேலையாக் குனிஞ்சு துணியைத் தேடினதைப் பாத்தன், இலக்கை அவர் பிறகுதான் பாத்தவர்.

இனி மற்றது. ஐயா, அந்தத் துவக்கைத் தொடாதேங்கோ. அனுமதிப்பத்திரம் இல்லாமத் துவக்கு வச்சிருக்கிறது 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்தின் கீழ குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் குழலைப் பற்றிச் சொல்லுறன். ஊர்ப்பட்டறையில செய்த கன இடியனுக்குத் தண்ணிக் குழாய் மாதிரிக் குழாய்தான் குழல், அந்த அமுக்கத்துக்கெண்டு செய்த இரும்பில்லை. அதில உள்பக்கம் துரு தின்ற இடத்தை வெளியில இருந்து பாக்கேலாது. உங்கட அப்பு கடைசியாக் கிட்டிச்ச மருந்து இன்னும் உள்ளுக்கு இருக்கவும் கூடும், கறுப்பு மருந்து ஈரம் படாமக் கிடந்தா எத்தினை வருஷம் போனாலும் பத்தும். துடைக்கிறன் எண்டு கம்பியை விட்டு உரஞ்சினாக் கூட ஆபத்து, சூடு காட்டினா சொல்லத் தேவையில்லை. வீட்டில இருக்கிற ஆக்களிட்ட, முக்கியமாச் சின்னப் பிள்ளையளிட்ட, அந்த அறைக்குள்ள போகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஒரு சட்டத்தரணியைக் கேட்டுக்கொண்டு பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில அறிவியுங்கோ, அவையள் வந்து எடுக்கட்டும், நீங்கள் பஸ்ஸில தூக்கிக்கொண்டு போகவேண்டாம். அப்புவின்ர ஞாபகத்துக்கு ஒரு சாமான் வேணுமெண்டா அந்தக் கிட்டிக்கிற கம்பியை மட்டும் வச்சிருக்கலாமோ எண்டு அவையளிட்டயே கேட்டுப் பாருங்கோ.

கேள்வி (முதல் வாசகியின்ர இன்னொரு வரி, வெள்ளவத்தை): சித்தப்பா அடுத்த வருஷம் கொலராடோவுக்கும் வேட்டைக்குப் போகப் போறாராம். அதே சபோவைக் கொண்டு போகலாமோ?

பதில்: கொண்டு போகேலாது. கொலராடோவில வாய்ப்பக்கத்தால போடுற துவக்குக்கெண்டு ஒதுக்கின வேட்டைக்காலத்தில சபோவுக்குத் தடை, குளிசை மருந்துக்கும் தடை. அவர் தூள் மருந்தும், குழல் முழுக்க நிரப்புற ஈயச் சன்னமும்தான் போடவேணும். அதுக்கும் இதே கதைதான், குழல் 0.501 எண்டா சன்னத்தை அச்சுக்குள்ளால தள்ளி 0.500 க்குக் கொண்டு வரவேணும், கட்டைவிரலால அமத்த உள்ள போய் ஆனா தன்பாட்டில வழுக்கக் கூடாது. அதால ஈயக்குண்டைத் தள்ளி அளக்கிற வேலையை இப்பவே முடிச்சு, வந்த இலக்கத்தை ரைபிள் பெட்டியின்ர மூடிக்குள்ள எழுதி ஒட்டச் சொல்லுங்கோ. அந்த இலக்கத்தை எனக்கும் எழுதி அனுப்பினா எந்தச் சபோ, எந்தச் சன்னம் எண்டு அடுத்த இதழில சொல்லுறன்.